விளம்பர ஆங்கிலம்: எந்தச் சொல்லை எங்கே கற்பது?

ஏஜென்சியில் ஒருவர் "அக்கவுன்ட் போயிடுச்சு" என்றால் வங்கிக் கணக்கை யாரும் தேட மாட்டார்கள். ஒரு கிளையன்ட் கைவிட்டுப் போய்விட்டார் என்று பொருள். "காப்பி இன்னும் வரலை" என்றால் நகலும் இல்லை, குடிக்கிற காபியும் இல்லை. விளம்பரத்தில் வரவேண்டிய வாசகம் எழுதி முடியவில்லை. "டிராஃபிக்கைக் கேளுங்க" என்றால், எந்த வேலை எந்த மேசையில் நிற்கிறது என்று கண்காணிப்பவரைக் கேட்கச் சொல்கிறார்கள். அதே சொல் இணையதளப் பேச்சில் வந்தால், தளத்துக்கு வந்து போகிறவர்களின் எண்ணிக்கை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைப் பள்ளி இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்போம். விளம்பரத் துறையின் ஆங்கிலமும் அந்த ரகம்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இங்கே தடுமாறக் காரணம், சொற்கள் தெரிந்தவையாக இருப்பதுதான். தெரியாத சொல்லென்றால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள்.

கற்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. இலவசச் சொற்பட்டியல்கள், சான்றிதழ்ப் பயிற்சிகள், தொழில் இதழ்கள், விளம்பரங்களின் பொதுக் களஞ்சியங்கள், துறை ஆள் ஒருவரிடம் நேரடிப் பாடம், ஏ.ஐ. உரையாடல் கருவிகள் என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் "இதில் எது சிறந்தது?" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. கற்க வேண்டிய சரக்கே நான்கு வகையாகக் கலந்து கிடக்கிறது. ஒரு வகைக்குக் கச்சிதமான வழி, இன்னொன்றுக்கு வீண்வேலை.

முதல் வகை கணக்குச் சொற்கள்: சி.பி.எம்., சி.டி.ஆர்., ஜி.ஆர்.பி., ரோவாஸ் போன்றவை. இவற்றுக்குச் சூத்திரம் உண்டு. அடுத்தது தயாரிப்புச் சொற்கள்: பிளீட், ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக், பேக்‌ஷாட் (பொருளை அதன் உறையோடு காட்டும் படம்). ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காதவை. கூட்டத்திலும் மின்னஞ்சலிலும் புழங்கும் பேச்சு மூன்றாவது: பிட்ச் (கிளையன்டைப் பிடிக்க ஏஜென்சி தன் யோசனைகளை முன்வைப்பது), டிஷ்யூ மீட்டிங், ஸ்கோப் கிரீப். இங்கே அகராதிப் பொருளைவிட, யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதுதான் பாடம். கடைசி வகை, விளம்பர வாசகத்துக்குள்ளேயே வரும் கொச்சை: ஸ்லே (அசத்து), டிரிப் (பகட்டான உடை, நகை), நோ கேப் (பொய்யில்லை), க்ளோ அப் (தோற்றம் மெருகேறி மாறுவது). இவற்றுக்கு ஆயுள் குறைவு.

சொற்பட்டியல்கள்

செலவில்லாத வழி, அதனால் எல்லாரும் முதலில் போகிற வழி. கணக்குச் சொற்களுக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. சி.பி.எம். என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'எம்' மில்லியன் அல்ல. ஆயிரத்தைக் குறிக்கும் லத்தீன் 'மில்லே'. விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு ஆகும் செலவு அது. விளம்பரம் ஒருமுறை காட்டப்படுவது ஓர் இம்ப்ரெஷன். 4,00,000 இம்ப்ரெஷனுக்கு 50,000 செலவானால், 50,000 ÷ 4,00,000 × 1,000 = 125. சி.டி.ஆர்., கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்து நூறால் பெருக்குவது. ரோவாஸ், விளம்பரத்தால் வந்த விற்பனைத் தொகையை விளம்பரச் செலவால் வகுப்பது. பொருளின் அடக்கவிலை இந்தக் கணக்கில் வராது. அதனால் ரோவாஸ் 3 என்று கேட்டு லாபம் மூன்று மடங்கு என்று மகிழ்வது தப்புக் கணக்கு, லாபத்தைச் சொல்வது ஆர்.ஓ.ஐ. (முதலீட்டுக்குக் கிடைத்த ஆதாயம்) என்ற அளவின் வேலை. இவ்வளவும் ஒரு நல்ல பட்டியலிலேயே கிடைக்கும். சொல்லித்தர ஆள் தேவையில்லை.

பட்டியல் எங்கே கைவிடுகிறது என்று தெரிய, ஒரு மீடியா பிளானில் (எந்த ஊடகத்தில் எவ்வளவு விளம்பரம் என்ற திட்டத்தில்) வரும் வரியைப் பாருங்கள்: "மூன்று வார பர்ஸ்ட், 240 ஜி.ஆர்.பி., 60 சதவீத ரீச், 4 ஓ.டி.எஸ்." நான்கு சொற்களுக்கும் பட்டியலில் தனித்தனியே விளக்கம் இருக்கும். ரீச் என்பது இலக்குக் கூட்டத்தில் ஒருமுறையாவது விளம்பரம் சென்றடைந்தவர்களின் சதவீதம். ஓ.டி.எஸ். என்பது அப்படிச் சென்றடைந்த ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை பார்க்க வாய்ப்பு கிடைத்தது என்பது. இரண்டையும் பெருக்கினால் ஜி.ஆர்.பி.; 60 × 4 = 240. பர்ஸ்ட் என்றால் சில வாரம் அடர்த்தியாகப் போட்டுவிட்டு நிறுத்துவது.

இந்த நான்கும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதுதான் பட்டியலில் இருக்காது. அதே 240 ஐ 80 × 3 ஆகவும் பெறலாம், 40 × 6 ஆகவும் பெறலாம். முதலாவது பலரை லேசாகத் தொடுகிறது. இரண்டாவது சிலரைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. "எத்தனை ஜி.ஆர்.பி.?" என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறார். 4 என்பதும் சராசரிதான். அதற்குள் ஒரே ஒருமுறை பார்த்தவரும் இருப்பார், பன்னிரண்டு முறை பார்த்துச் சலித்தவரும் இருப்பார். அந்தச் சலிப்புக்கு வேர்-அவுட் என்று பெயர். சொல்லை, அது வாழும் ஆவணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இன்னொரு வம்பும் உண்டு. டி.ஆர்.பி. என்றதும் தமிழ் வாசகருக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மதிப்பெண் நினைவுக்கு வரும். அமெரிக்க மீடியா பிளானில் அது, இலக்குக் கூட்டத்துக்கு மட்டும் கணக்கிட்ட ஜி.ஆர்.பி.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களின் தரம் ஏற்றத்தாழ்வானது. ஒன்றை நம்பி உட்காருமுன் ஐந்து நிமிடம் சோதியுங்கள். சி.பி.எம். என்பதைத் தேடுங்கள், 'மில்லியன்' என்று இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வியூவபிலிட்டியை (விளம்பரம் திரையில் கண்ணில் படும்படி தெரிந்ததா என்ற அளவை) தேடுங்கள், சாதாரண டிஸ்ப்ளே விளம்பரத்தில் பாதிப் பிக்சலாவது தொடர்ந்து 1 விநாடி திரையில் தெரிய வேண்டும், வீடியோவுக்கு 2 விநாடி என்ற வரையறை இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். 'கூகுள் ஆட்வேர்ட்ஸ்' என்றே எழுதியிருந்தால் பட்டியல் பழையது. 2018-லேயே அதன் பெயர் கூகுள் ஆட்ஸ் என்று மாறிவிட்டது. செவர்லே நோவா கார், 'நோ வா' என்றால் ஸ்பானிய மொழியில் 'ஓடாது' என்று அர்த்தம் என்பதால் லத்தீன் அமெரிக்காவில் விற்காமல் போனது என்ற கதையை உண்மையென்று சொல்லும் தளமென்றால், மற்றதையும் சரிபார்க்காமல்தான் எழுதியிருப்பார்கள். அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது.

பட்டியலால் தரமுடியாத இன்னொன்று உச்சரிப்பு. ரோவாஸ் என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்பவர் குறைவு, 'ரோ-ஆஸ்' என்று சேர்த்துச் சொல்வார்கள். தேடல் முடிவுப் பக்கத்தை 'செர்ப்' என்பார்கள். சி.பி.எம்., ஆர்.எஃப்.பி. (ஏஜென்சிகளிடம் திட்டமும் விலையும் கேட்கும் அழைப்பு) இரண்டும் எழுத்தெழுத்தாக. முப்பது விநாடி விளம்பரத்துக்கு வெறும் 'தர்ட்டி' போதும். இதையெல்லாம் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். துறை பாட்காஸ்ட் எதையாவது வாரம் ஒன்று கேட்டால் தானாக வந்துவிடும்.

சான்றிதழ்ப் பயிற்சிகள்

கூகுளின் ஸ்கில்‌ஷாப், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் புளூபிரிண்ட் இரண்டிலும் பாடங்கள் இலவசம். ஸ்கில்‌ஷாப்பில் தேர்வும் இலவசம். கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்கு 80 சதவீதம் எடுக்க வேண்டும், ஓராண்டுக்குப் பிறகு மறுபடி எழுத வேண்டும். மெட்டாவின் சான்றிதழ்த் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. டிஜிட்டல் விளம்பரத்தைக் கையாளப் போகிறவருக்கு இதைத் தவிர்க்க வழியில்லை. சொல்லும் திரையும் ஒரே இடத்தில் இருப்பதால் மனதில் நிற்கும்.

ஆனால் இங்கே கற்பது அந்தந்த நிறுவனத்தின் வட்டார வழக்கு என்பதை நினைவில் வையுங்கள். கூகுளில் கேம்பெயின், அதற்குள் ஆட் குரூப், அதற்குள் ஆட். மெட்டாவில் கேம்பெயின், ஆட் செட், ஆட். ஒன்றில் பழகியவர் மற்றதில் நுழைந்ததும் 'குரூப்' எங்கே என்று தேடுவார். மெட்டா சொல்லும் 'லேர்னிங் ஃபேஸ்' என்பது, ஓர் ஆட் செட் வாரத்துக்குச் சுமார் 50 விளைவுகளைப் பெற்று நிலைப்படும் வரையிலான காலம். கூகுளின் குவாலிட்டி ஸ்கோர் 1 முதல் 10 வரை போகும் மதிப்பெண். மற்றொரு தளத்தில் இவற்றை இதே பொருளில் எதிர்பார்க்கக் கூடாது.

பெரிய குழப்பம் 'கேம்பெயின்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஏஜென்சிக் கூட்டத்தில் கேம்பெயின் என்றால் ஒரே கருத்தைச் சுற்றித் தொலைக்காட்சி, அச்சு, வெளிப்புறப் பலகை, இணையம் என்று மாதக்கணக்கில் ஓடும் முழு முயற்சி. கூகுள் ஆட்ஸில் கேம்பெயின் என்றால் பட்ஜெட்டும் அமைப்புகளும் கொண்ட ஒரு பெட்டி. "இந்த கேம்பெயினுக்கு எத்தனை கேம்பெயின் போடலாம்?" என்ற கேள்வி அபத்தமாகத் தோன்றும், இரண்டு வழக்கும் தெரிந்தவர்கள் கூடும் மீட்டிங்கில் அது முழுக்க அர்த்தமுள்ள கேள்வி. பயிற்சியில் மட்டும் படித்து வந்தவர் முதல் கூட்டத்தில் முழிப்பது இதுபோன்ற இடங்களில்தான். பிட்ச், பிரீஃப் (கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பு), ரிடெய்னர் (ஏஜென்சிக்குத் தவணைதோறும் தரும் நிலையான கட்டணம்), மேண்டட்டரீஸ் (விளம்பரத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை) எதையும் அந்தப் பாடங்கள் தொடுவதில்லை.

தயாரிப்புச் சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், அதிகம் இல்லை. அவற்றுக்குப் பயிற்சியும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். அச்சகமோ பத்திரிகையோ தரும் ஸ்பெக் ஷீட் (அளவு, கோப்பு விவரங்கள் உள்ள தாள்) ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். பிளீட் என்பது வெட்டுக்கோட்டுக்கு வெளியே படத்தை வழக்கமாக 3 மில்லிமீட்டர் நீட்டி விடுவது. விடாமல் அனுப்பினால், வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் ஒன்றைப் பாருங்கள்: வி.ஓ. என்றால் பின்னணிக் குரல், சூப்பர் என்றால் படத்தின் மேல் வரும் எழுத்து, எஸ்.எஃப்.எக்ஸ். என்றால் ஒலி விளைவு. ஸ்டோரிபோர்டில் கட்டம் கட்டமாக வரைந்ததைக் குரலோடு ஓடவிட்டால் அனிமேட்டிக்.

தொழில் இதழ்கள்

கூட்டப் பேச்சைக் கற்க, அலுவலகத்துக்கு வெளியே இருப்பவருக்கு இதைவிட நல்ல இடமில்லை. 1930-ல் சிகாகோவில் தொடங்கிய அட் ஏஜ், 1968-ல் லண்டனில் தொடங்கிய கேம்பெயின் ஆகிய இரண்டு இதழ்களும் துறைக்காரர்கள் துறைக்காரர்களுக்காக எழுதுபவை, அதனால் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடினம்தான் பயன். கட்டுரைகள் பெரும்பாலும் சந்தாவுக்குப் பின்னால் இருக்கும். தலைப்புகளும் முதல் பத்தியும் இலவசமாகக் கிடைத்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

இப்படி ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இன்கம்பன்ட் ஒன்ட் டிஃபெண்ட், ஹாட் ஷாப் லேண்ட்ஸ் ஏ.ஓ.ஆர். ஆஃப்டர் ரிவ்யூ." ரிவ்யூ இங்கே விமர்சனம் அல்ல, கிளையன்ட் தன் ஏஜென்சியை மாற்றலாமா என்று பலரை அழைத்துப் பார்க்கும் நடைமுறை. இன்கம்பன்ட், இப்போது வேலையை வைத்திருக்கும் ஏஜென்சி. டிஃபெண்ட் செய்வது என்றால், கையிலிருக்கும் கிளையன்டைத் தக்கவைக்கத் தானும் போட்டியில் இறங்குவது. 'ஒன்ட் டிஃபெண்ட்' என்று செய்தி வந்தால், தோற்பது நிச்சயம் என்று தெரிந்து மரியாதையாக விலகிக்கொண்டார்கள் என்று துறைக்காரர்கள் வாசிப்பார்கள், சில நேரம் உறவு கசந்துவிட்டது என்றும். ஷாப் என்றால் கடை அல்ல, ஏஜென்சி. ஹாட் ஷாப், சிறியதாக இருந்தாலும் விருதும் பேரும் குவிக்கிற ஏஜென்சி. ஏ.ஓ.ஆர்., அந்த பிராண்டின் அதிகாரபூர்வ முதன்மை ஏஜென்சி. ஒரே தலைப்பில் ஐந்து சொல், அதற்குமேல் ஒரு கிசுகிசு. எந்தப் பட்டியலும் அந்தக் கிசுகிசுவைத் தராது.

அமெரிக்க இதழ் ஒன்று, பிரிட்டிஷ் இதழ் ஒன்று என்று இரண்டும் படிப்பது நல்லது. அமெரிக்கரின் டேக்லைன் (பிராண்டின் முத்திரை வாசகம்) பிரிட்டனில் ஸ்ட்ராப்லைன், பில்போர்டு (வெளிப்புறப் பலகை) அங்கே ஹோர்டிங். 300 × 250 அளவுள்ள இணைய விளம்பரம் அமெரிக்காவில் மீடியம் ரெக்டாங்கிள், பிரிட்டனில் எம்.பி.யூ. ஆர்ட் டைரக்டர் கையால் கிறுக்கும் முதல் வரைவைப் பிரிட்டனில் ஸ்கேம்ப் என்பார்கள். பெயர் மாறுவது பெரிய ஆபத்தில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொருளே தலைகீழாகும் இடம்தான் ஆபத்து. "லெட்ஸ் டேபிள் இட்" என்று பிரிட்டிஷ் கிளையன்ட் சொன்னால் இப்போதே பேசுவோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்று பொருள். வேலையைப் பற்றி 'குவைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் "பரவாயில்லை" என்ற அளவுதான், இன்னொரு சுற்றுத் திருத்தம் வரப்போகிறது என்று தயாராகுங்கள்.

பிளானர் என்ற சொல்லையும் கவனமாகப் படியுங்கள். மீடியா பிளானர் எந்த ஊடகத்தில் எவ்வளவு என்று திட்டமிடுபவர். அக்கவுன்ட் பிளானர், 1968 வாக்கில் லண்டன் ஏஜென்சிகளில் உருவான வேறொரு வேலை. நுகர்வோர் என்ன நினைக்கிறார் என்பதை ஆராய்ந்து கிரியேட்டிவ் ஆட்களுக்கு வழி சொல்பவர். அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவோ இந்த இரண்டும் இல்லை, கிளையன்டோடு பேசி வேலை வாங்குபவர். உள்வட்டக் கொச்சையில் அவர்களுக்கு 'சூட்ஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் பெயர் அல்ல.

விளம்பரங்களே பாடப்புத்தகம்

கொச்சைக்கு இது ஒன்றுதான் வழி. பட்டியலில் கொச்சை கற்பவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார். 'ஆன் ஃப்ளீக்' என்ற தொடரைப் பாருங்கள். 2014 ஜூனில் வைன் என்ற குறும்படச் செயலியில் ஓர் இளம்பெண் தன் புருவத்தைப் பற்றிச் சொன்னது பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவகச் சங்கிலியான ஐஹாப், 'பேன்கேக்ஸ் ஆன் ஃப்ளீக்' என்று ட்வீட் போட்டது. பிறகு எல்லா பிராண்டும் பின்தொடர, இளைஞர்போல் வேடமிடும் நிறுவனங்களைக் கிண்டலடிக்கும் சொல்லாக அது மாறியது. அதைப் பெற்றெடுத்த வைன் 2017-ல் மூடப்பட்டது. பட்டியல்களில் மட்டும் இன்றும் 'மிகச் சரியாக அமைந்தது' என்ற பொருளோடு அப்பாவியாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சொல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கூகுள் டிரெண்ட்ஸில் ஐந்தாண்டு வரைபடம் எடுங்கள். உச்சியிலிருந்து பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதென்றால், புரிந்துகொள்ள மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம். அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் ஒரே பதிவை நம்பாமல் மேலேயுள்ள நான்கைந்தையும் அவற்றின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஸ்லே, டிரிப், நோ கேப் எல்லாம் கறுப்பின அமெரிக்கரின் பேச்சிலிருந்து வந்தவை. ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ அவற்றை வாயில் போட்டுக்கொண்டால், பொருள் சரியாக இருந்தாலும் கேட்பவருக்கு முகம் சுளிக்கும்.

பயிற்சி முறை இது. மெட்டா ஆட் லைப்ரரியும் கூகுளின் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரும் யாருக்கும் திறந்தவை. ஒரே பொருள் வகையில் மூன்று பிராண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நாட்டை அமெரிக்கா என்று வைத்துப் பத்து விளம்பரம், பிரிட்டன் என்று வைத்துப் பத்து. வாசகத்தைப் படியெடுத்து, பாடநூல் ஆங்கிலத்தில் வராத சொற்களை அடிக்கோடிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் சாதாரணச் சொல்லால் மாற்றி எழுதிப் பாருங்கள். மாற்றியதும் எது போய்விட்டது? நீளமா, நெருக்கமா, வயதா, கிண்டலா? அதை ஒரு சொல்லில் பக்கத்தில் குறியுங்கள். அந்தக் குறிப்புதான் கற்றது. மெட்டாவின் நூலகத்தில் விளம்பரம் எந்தத் தேதியில் தொடங்கியது என்றும் இருக்கும். நீண்ட நாள் ஓடுவதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் போடுகிறவர் இன்னும் நிறுத்தவில்லை என்பது மட்டும் அதில் தெரியும்.

விளம்பர வாசகம் இலக்கணத்தை வேண்டுமென்றே உடைக்கும். ஆப்பிளின் 1997 'திங்க் டிஃபரன்ட்', மெக்டொனால்ட்ஸின் 2003 'ஐம் லவின் இட்' இரண்டுமே பள்ளி ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் வாக்கியங்கள். 1954-ல் வின்ஸ்டன் சிகரெட் 'ஆஸ்' வரவேண்டிய இடத்தில் 'லைக்' போட்டதற்கு இலக்கணப் பண்டிதர்கள் கொதித்தார்கள்; அந்தக் கொதிப்பும் பிராண்டுக்கு இலவச விளம்பரமானது. உடைப்பைத் தலைப்பிலும் டேக்லைனிலும் ரசியுங்கள். அதே நடையைக் கிளையன்டுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் கொண்டுவந்தால் ஆங்கிலம் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு: வெண்டீஸ் 1984-ல் வெளியிட்ட 'வேர்ஸ் த பீஃப்?' அதே ஆண்டு அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதத்தில் ஒலித்து, மரபுத்தொடராகவே ஆனது. பிரசன்டேஷன் நடுவில் ஒருவர் அப்படிக் கேட்டால், பகட்டு போதும், சரக்கு எங்கே என்கிறார்.

கொச்சை அல்லாத, ஆனால் கொச்சையைவிட ஆபத்தான ஒரு தொகுதியும் விளம்பரங்களில் உண்டு: வாக்குறுதிபோல் தோன்றி வாக்குறுதி தராத சொற்கள். துறையில் வீசல் வேர்ட்ஸ் என்பார்கள். 'அப் டு 50 சதவீதம்' என்பது உச்சவரம்பு, எல்லாப் பொருளுக்கும் அல்ல. 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்' என்றால் சோதித்தார்கள், அவ்வளவுதான்; என்ன முடிவு வந்தது என்று அது சொல்லவில்லை. 'ஹெல்ப்ஸ் ரெட்யூஸ்' குறைக்கும் என்று சொல்லவில்லை, குறைய உதவும் என்கிறது. இவற்றைக் கற்க, பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் புதன்கிழமைதோறும் வெளியிடும் தீர்ப்புகள் அருமையான பாடம், காசும் கிடையாது. விளம்பரத்தில் என்ன எழுதினார்கள், நுகர்வோர் அதை எப்படிப் புரிந்துகொள்வார், ஆதாரம் போதுமா என்று சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். 'அப்ஹெல்ட்' என்று முடிந்தால் புகார் ஏற்கப்பட்டது என்று அர்த்தம். விளம்பரம் ஏற்கப்பட்டது என்று தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு.

ஆளிடம் கற்பதும் ஏ.ஐ.யிடம் கேட்பதும்

துறையில் இருக்கும் ஒருவர் வாரம் அரை மணி கொடுத்தால், கூட்டப் பேச்சுக்கு அதற்கு ஈடு இல்லை. பொதுவான ஆங்கில ஆசிரியர் இதற்கு உதவ மாட்டார். அவரும் அகராதியைத்தான் பார்ப்பார். ஆனால் "ஜார்கன் சொல்லிக்கொடுங்கள்" என்று போய் உட்கார்ந்தால் அந்த அரை மணியும் வீண், ஏனென்றால் தினமும் பேசுபவருக்கு எது ஜார்கன் என்றே தெரியாது. பத்து வாக்கியங்களோடு போங்கள். தனிச் சொற்களோடு போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: யார் யாரிடம் சொல்வார்? சொன்ன பிறகு என்ன நடக்கும்? யாரிடம் சொல்லக் கூடாது? டிஷ்யூ மீட்டிங் என்றால் முடிவாகாத யோசனைகளை முன்கூட்டியே கிளையன்டிடம் காட்டும் கூட்டம் என்பதைப் பட்டியலும் சொல்லும். அங்கே பளபளப்பான டிசைனோடு போனால், இது முடிவு என்று நினைத்துக் கிளையன்ட் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால் கரட்டுப் படங்களோடு போக வேண்டும் என்பதை ஆள்தான் சொல்வார். ஸ்கோப் கிரீப் அதேபோல். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை சிறுகச் சிறுகச் சேர்வதற்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லை உள்ளே சொல்லலாம், கிளையன்ட் முகத்தில் சொன்னால் குற்றச்சாட்டு.

ஏ.ஐ. கருவிகள் இருபத்து நான்கு மணி நேரமும் சளைக்காமல் பதில் சொல்லும், கணக்குச் சொற்களில் பெரும்பாலும் சரியாகவும் சொல்லும். கொச்சையில் வழுக்கும்: காலாவதியானதைப் புதிதென்று தரும், அமெரிக்க வழக்கையும் பிரிட்டிஷ் வழக்கையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். கேள்வியில் நாடு, பார்வையாளரின் வயது, எந்த ஊடகம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் பிழை குறையும். நம்பகத்தை அளக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. இல்லாத சொல் ஒன்றைக் கற்பனை செய்து அதன் பொருளைக் கேளுங்கள். தயங்காமல் விளக்கம் தந்தால், அதன் மற்ற விளக்கங்களையும் இதழ்களில் தேடிப்பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றில் மட்டும் இது ஆளைவிட நல்லது: ஒத்திகை. "நீ கிளையன்ட், பிரீஃப் கொடு; நான் கேள்வி கேட்கிறேன்" என்று பத்து முறை ஓட்டலாம், எதிரில் இருப்பவர் கொட்டாவி விடமாட்டார்.

எங்கே கற்றாலும் மறக்காமல் இருக்க, ஆங்கி என்ற செயலியில் வருவது போன்ற, இடைவெளி விட்டுத் திருப்பும் அட்டைகள் போதும். முன்பக்கம் சொல்லையும் பின்பக்கம் பொருளையும் எழுதும் வழக்கமான அட்டை இங்கே உதவாது. சொல் ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதால் மூளை பழைய பொருளை எடுத்துக்கொடுத்து, சரிதான் என்று நகர்ந்துவிடும். முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு முழு வாக்கியம், பின்பக்கம் சொல்லும் அதைச் சொல்பவரும். நாளுக்கு 5 புதிய அட்டைக்கு மேல் வேண்டாம். எட்டு வாரத்தில் 280 ஆகும். அதற்கு மேல் போனால் திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டைகள் குவிந்து, மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவீர்கள். கொச்சைக்கு அட்டையே போடாதீர்கள்.

யாருக்கு எது

டிஜிட்டல் விளம்பர வேலைக்குப் போகிறவர் ஸ்கில்‌ஷாப், புளூபிரிண்ட் இரண்டையும் முடித்துவிட்டுத் தொழில் இதழுக்கு வரட்டும். அக்கவுன்ட் பக்கம் போகிறவர் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: தினம் இருபது நிமிடம் இதழ், வாரம் ஒருமுறை துறை ஆள், சான்றிதழ் அப்புறம். காப்பிரைட்டர் ஆக விரும்புகிறவருக்குச் சான்றிதழால் பெரிய பயன் இல்லை. நேர்முகத்தில் அவரைப் பார்ப்பதைவிட அவருடைய 'புக்'கைத்தான் பார்ப்பார்கள். புக் என்றால் செய்த வேலைகளின் தொகுப்பு. அவருடைய நேரம் ஆட் லைப்ரரிகளிலும் தர ஆணையத் தீர்ப்புகளிலும் போகட்டும்.

சொந்தத் தொழிலுக்காக ஏஜென்சியை அமர்த்தியிருப்பவருக்கு இத்தனையும் வேண்டாம். முப்பது கணக்குச் சொற்களும் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும் போதும். முதல் கேள்வி: "இதில் கன்வெர்ஷன் என்று எதை எண்ணியிருக்கிறீர்கள்?" வாங்கியதையும் எண்ணலாம், படிவம் நிரப்பியதையும் எண்ணலாம், ஒரு பக்கத்தைத் திறந்ததையும்கூட எண்ணலாம். இரண்டாவது: "அட்ரிபியூஷன் விண்டோ என்ன?" விளம்பரத்தைத் தொட்ட எத்தனை நாளுக்குள் நடந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது அது. மெட்டாவில் வழக்கமாக, கிளிக் செய்து 7 நாளுக்குள்ளும் வெறுமனே பார்த்து 1 நாளுக்குள்ளும் நடந்தவை கணக்கில் வரும். ஒருவர் காலையில் மெட்டாவில் பார்த்து, மாலையில் கூகுளில் தேடி, அங்கே வந்த விளம்பரத்தை அழுத்தி வாங்கினால் அந்த ஒரே விற்பனையை இரண்டு தளமும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இரண்டு ரிப்போர்ட்டையும் கூட்டிப் பார்த்தால் நீங்கள் உண்மையில் அனுப்பிய ஆர்டரைவிட அதிகமாக வரும். கூட்டிய தொகையை உங்கள் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு விளக்கம் கேளுங்கள்.